கூட்டாகத் தொழில் தொடங்குகிறவர்களை எழுத வையுங்கள்: சுங்கை சிப்புட் ஆலய நிர்வாகங்களுக்கும் பயிற்சி ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தொழில்முனைவோர் பயிற்சி நடத்தும் அமைப்புகளுக்கும், அதற்கு மண்டபம் கொடுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் டவுனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். வழக்கறிஞர் இல்லை. எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவது, வருமான வரிப் பாரம், லைசன் புதுப்பிப்பு, இவைதான் என் மேசைக்கு வரும். கூட்டுத் தொழில் உடைந்தால், இருவரில் ஒருவர் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு முதலில் வருவதும் என்னிடம்தான். என்னிடம் தீராத பிறகு உங்களிடம் பஞ்சாயத்துக்கு வருகிறார்கள்.

உங்கள் பயிற்சிகளைக் குறை சொல்ல வரவில்லை. முறுக்கு, கேக், தையல், மணப்பெண் அலங்காரம் என்று எத்தனையோ பேருக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தியச் சிறு தொழில்முனைவோருக்கு அரசாங்கம் தரும் தெக்குன் ஸ்புமி கடனுக்கு எப்படி மனு போடுவது, டிக்டாக்கில் எப்படி விற்பது என்பது வரை சொல்லித் தருகிறீர்கள். ஆனால் பயிற்சி முடிந்த கையோடு, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாமா?" என்று கேட்டுக்கொண்டு கிளம்புகிறார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை யாரும் சொல்வதில்லை. என் வேண்டுகோள் இதுதான். பயிற்சியில் அரை நாள் ஒதுக்குங்கள். கூட்டாகத் தொடங்குகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து கூட்டாளிகளுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதட்டும். எழுதி முடிக்கும்வரை உங்கள் உதவிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அடுப்பு, தையல் இயந்திரம், எதுவானாலும் சரி.

"எஸ்எஸ்எம்மில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கும் கேள்விதான். தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிய வேண்டும், கடைப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). இதெல்லாம் நம் ஆட்களுக்கு இப்போது மனப்பாடம். ஆனால் அந்தப் பதிவு, இந்தக் கடைக்கு யார் யார் உரிமையாளர்கள் என்பதைத்தான் சொல்லும். யாருக்கு எவ்வளவு லாபம், யார் எவ்வளவு முதல் போட்டது, ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்பதைச் சொல்லாது.

அப்படியானால் எழுதாதவர்களுக்கு விதி ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் அவர்களுக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. லாபம் பார்க்கும் நோக்கத்தோடு சேர்ந்து தொழில் செய்தாலே அவர்கள் கூட்டாளிகள்தான். தாள் வேண்டும் என்ற அவசியமில்லை. அவர்களுக்குள் வேறு உடன்பாடு இருந்ததென்று காட்ட முடியாவிட்டால், அந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்வதுதான் அவர்களின் ஒப்பந்தம். அதில் என்ன இருக்கிறதென்று படித்துவிட்டுக் கூட்டுச் சேர்ந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு சமையல் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆட்களின் அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன். மாமா தோட்ட வேலையில் ஓய்வு பெற்றவர். சேமநிதியில் எடுத்த பணத்திலிருந்து 40,000 வெள்ளி போடுகிறார். மருமகன் காசு போடவில்லை. விடியற்காலை எழுந்து சமைப்பது, வேன் ஓட்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான். "லாபத்தைப் பார்த்துப் பிரிச்சுக்கலாம், நமக்குள்ள என்ன" என்று ஆரம்பிக்கிறார்கள். கல்யாண ஆர்டர்கள் வருகின்றன. நடுவில் பெரிய ஐஸ் பெட்டி வாங்க மாமா இன்னும் 10,000 வெள்ளி போடுகிறார்.

மாமா நினைப்பது: பணம் என்னுடையது, லாபத்தில் பெரிய பங்கும் எனக்குத்தான். மருமகன் நினைப்பது: மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பங்கு போட வேண்டும். சட்டம் இருவருக்கும் ஏமாற்றத்தைத்தான் தரும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் லாபம் சரிபாதி, நட்டமும் சரிபாதி. கூட்டாளி என்ற முறையில் உழைத்ததற்காக யாரும் சம்பளம் கேட்க முடியாது. போட்ட முதலுக்கு, லாபத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் வட்டியும் கிடையாது. ஆனால் போடுவதாகச் சொன்ன முதலுக்கு மேல் ஒருவர் தொழிலுக்காகப் பணம் கொடுத்திருந்தால், அதற்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி உண்டு. இப்போது அந்த ஐஸ் பெட்டிப் பணம் என்ன? கூடுதல் முதலா, மாமா கொடுத்த கடனா? கொடுத்த அன்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்தது. அதை எழுதாததால் வீட்டு விசேஷங்களில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கடன். கடைத் தொழிலுக்காக ஒரு கூட்டாளி வழக்கமான முறையில் சரக்கு எடுத்தால், அந்தக் கடன் கடையின் கடன். கடை கட்ட முடியாவிட்டால் மற்றவரின் சொந்தச் சேமிப்பையும் வீட்டையும் நோக்கி வரலாம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நான் கேட்கும் தாள் இதிலிருந்து முழுதாகக் காப்பாற்றாது. 500 வெள்ளிக்கு மேல் கடன் வாங்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உள்ளுக்குள் எழுதிக்கொள்ளலாம். அது தெரியாமல் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரியை அது கட்டுப்படுத்தாது. மீறிய கூட்டாளியிடம் திருப்பிக் கேட்க உதவும், அவ்வளவுதான். கடன் சுமை தங்கள் சொந்தச் சொத்துக்கு வரக்கூடாது என்று நினைப்பவர்கள் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிஎல்டி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையைப் பார்க்கலாம். பதிவுக்கு 500 வெள்ளி, அப்புறம் ஆண்டுதோறும் அறிக்கைக்கு 200 வெள்ளி. இரவுச் சந்தையில் வடை போடுகிறவர்களுக்கு அது அதிகம்தான். மண்டபச் சமையல், லோரித் தொழில் செய்கிறவர்களுக்கு அதிகமில்லை.

மரணத்தைப் பற்றி எழுதச் சொன்னால் நம் ஆட்கள், "நல்ல காரியம் தொடங்கும்போது ஏன் அபசகுனம்?" என்பார்கள். அங்கேதான் ஆலயப் பெரியவர்கள் வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். தலைவர் ஐயா சொன்னால் கேட்பார்கள். எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்த அன்றே கூட்டாண்மை கலைந்துவிடுகிறது. மறுநாள் ஆர்டருக்கு முன்பணம் வாங்கியிருப்பார்கள், வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இருக்கும், இறந்தவரின் பிள்ளைகள் ஒருபுறம் பங்கு கேட்பார்கள். மிச்சமிருப்பவர் தொழிலைத் தொடரலாம், இறந்தவரின் பங்கை இன்ன கணக்கில், இத்தனை மாதத்தில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பத்தி போதும். அதேபோல, ஒருவரை வெளியேற்றும் அதிகாரத்தை எழுதிக் கொடுக்காவிட்டால், மூவரில் இருவர் சேர்ந்தாலும் மூன்றாமவரை நீக்க முடியாது. இதைச் சொன்னபோது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விலகும்போது எது யாருக்கு என்ற சண்டையும் நம் ஊரில் நிறைய. இரவுச் சந்தை லைசன் ஒருவர் பேரில், வேன் இன்னொருவர் பேரில், ஆர்டர் வரும் வாட்ஸ்அப் எண் மருமகளின் கைப்பேசியில். கடையின் பெயரை யார் வைத்துக்கொள்வது? தீபாவளி முறுக்குக்கு வரும் வாடிக்கையாளர்கள் யாருடையவர்கள்? பிரிந்து போனவர் அடுத்த வாரமே எதிர்க்கடை போடலாமா? வியாபாரம் செய்யாதே என்று ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு கூட்டாளிகளுக்கு விலக்கு வைத்திருக்கிறது: பிரியும்போதோ பிரிவை எதிர்பார்த்தோ, நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொள்ளலாம். சுங்கை சிப்புட் டவுனுக்குள் என்றால் பேசிப் பார்க்கலாம், பேராக் முழுக்க என்றால் நீதிமன்றம் ஏற்பது சந்தேகம். அப்புறம், விலகியவர் தன் பெயரை எஸ்எஸ்எம் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் இவரை இன்னும் கூட்டாளி என்றே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

"நம்பிக்கை இருக்கும் இடத்தில் தாள் எதற்கு? சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணியிருக்கிறோம்" என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. நம் ஊர்க் கதை ஒன்றை மட்டும் சொல்வேன். சுதந்திரத்திற்குப் பிறகு வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். அவர் மேல் இருந்த நம்பிக்கைக்கு எழுத்து தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் சங்கத்துக்குப் பதிவு இருந்தது, எழுதிய விதிகள் இருந்தன, பணம் கட்டியவர் உறுப்பினராகக் கணக்கில் ஏறினார். எழுத்து கேட்டதற்காக அந்தத் தொழிலாளர்களை யாரும் நன்றிகெட்டவர்கள் என்று சொல்லவில்லை.

அந்த அரை நாளில் என்ன செய்வது என்று கேட்டால், சொற்பொழிவு வேண்டாம். சட்டப் பிரிவுகளைத் திரையில் காட்டித் தூங்க வைக்கவும் வேண்டாம். கூட்டாளிகளை முதலில் தனித்தனியாக உட்கார வையுங்கள். நீ எவ்வளவு போடுகிறாய், மாதம் எவ்வளவு எடுப்பாய், உனக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வருவார், என்ன காரணத்துக்காக விலகுவாய் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அதைப் பேசித் தீர்ப்பதுதான் அந்த அரை நாளின் வேலை. இரண்டு பேருக்கும் நல்ல மனசு இருக்கும் நேரம் அது. மூன்றாவது தீபாவளிக்குப் பிறகு அந்த மனசு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த மேசையிலேயே இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்று எழுந்து போனால், அதற்காக வருத்தப்படாதீர்கள்.

தமிழிலேயே எழுதட்டும். புரியாத மொழியில் கையெழுத்துப் போட்டு என்ன பயன்? வழக்கு என்று போனால் நம் நீதிமன்றங்களில் மலாய் தேவைப்படும் என்பதால், மலாய்ப் பிரதி ஒன்றும் தயாராகட்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். பெரிய முதல் என்றால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. கையெழுத்தான 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். சாதாரண ஒப்பந்தத்துக்குப் பிரதிக்கு 10 வெள்ளிதான். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. தாமதமாகக் கட்டினால் அபராதம் சேரும்.

ஆலய நிர்வாகங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். இனிமேல் கூட்டுத் தொழில் சண்டை உங்களிடம் வந்தால், விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது உழைத்தவர்தான், அதுவும் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். என்ன முடிவு எடுத்தாலும் அதையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் தயாரித்துத் தருகிறேன். வழக்கறிஞர் யாராவது அதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் இன்னும் நல்லது. அப்படி ஒருவரைப் பிடிப்பது உங்கள் பொறுப்பு. எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறேன், காசு வேண்டாம். ஜூன் மாதத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். 30-ஆம் தேதிக்குள் எல்லாருடைய வரிப் பாரத்தையும் அனுப்பியாக வேண்டும், பாதிப் பேர் ரசீதை இன்னும் கொண்டு வந்து கொடுக்கவில்லை.

அன்புடன்,
கணக்கெழுதும் ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்