சிங்கப்பூர் டூர் நடத்துகிறவர்களே, தோ பாயோவுக்கு அரை நாள் கொடுங்கள்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் டூர் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். மெர்லயன், செந்தோசா, யுனிவர்சல் ஸ்டுடியோஸ், கடைசியில் முஸ்தஃபாவில் ஷாப்பிங். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் அந்த நாட்டு மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் குடியிருப்பது அரசு கட்டிய அடுக்குமாடிகளில், அவற்றை உங்கள் பயணிகள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட அடுக்குமாடிகளால் ஆன தோ பாயோ என்ற நகரத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

1961 மே மாதம் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் குடிசைகள் பற்றி எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த அந்த நிலத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டியது, அப்புறம் அந்த அறுபதுகளிலேயே தோ பாயோவில் ஒரு முழு நகரத்தை எழுப்ப ஆரம்பித்தது. சென்னை ஓரத்துக் கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இங்கே குடிசையை எடுத்தால் ஆட்களை ஊர் ஓரத்துக்கு அனுப்பிவிடுகிறோம், அவர்களுடைய வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீளமான பொது நடைபாதை, வாசலுக்கு வாசல் செருப்பும் பூந்தொட்டியும், ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் காயும் துணி. பல புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், கீழ்த்தளத்தில் வீடே கிடையாது, திறந்த இடமாக விட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர் கல்யாணம் நடப்பதும் சீனர் வீட்டுத் துக்கத்துக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். லோரோங் 6 என்ற தெருப் பக்கம் 1979இல் கட்டிய டிராகன் விளையாட்டுத் திடல் இன்னும் மணல் தரையோடு இருக்கிறது. லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் கோயில், நம் ஆட்களுக்கு அது ஒன்றே போதும்.

எல்லாம் சொர்க்கம் என்று உங்கள் வழிகாட்டிகள் சொல்ல வேண்டாம். வீடு 99 ஆண்டுக் குத்தகைதான். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சீனர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருகிறவர்கள் குறைவதால் விலையும் அடிபடலாம். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பயணிக்கு அந்த ஊர் புரியும்.

ஒரு வேண்டுகோள், பெரிய பஸ்ஸில் ஐம்பது பேரைக் கொண்டுபோய் மொத்தமாக இறக்காதீர்கள். பத்துப் பேராக ரயிலில் போகலாம், 1987இல் அந்த நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் ஓடிய பாதையில்தான் தோ பாயோ நிலையம் இருக்கிறது. திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது அவர்கள் வீடு. சாப்பாட்டை அங்கிருக்கும் உணவங்காடி நிலையத்திலேயே வைத்துக்கொள்ளலாம், செலவும் குறையும். அடுத்த விடுமுறைப் பட்டியலை அச்சடிப்பதற்குள் உங்களில் ஒருவராவது இதைச் சேர்த்துப் பாருங்கள்.