‘நான்-டாக்ஸிக்’ ரப்பரில் என்ன மென்மையூட்டி கலந்திருக்கிறீர்கள்? – புகார்க் கடிதம்

அனுப்புநர்: மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய், திருச்சிராப்பள்ளி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: பழ வடிவ வாசனை ரப்பர்களில் தாலேட் என்ற வேதிப்பொருள் உள்ளதா என்ற என் கேள்விக்கு உரிய பதில் தராதது குறித்து

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் பழ வடிவ வாசனை ரப்பர் பாக்கெட் ஒன்றை எங்கள் பகுதி ஸ்டேஷனரி கடையில் என் மகளுக்கு வாங்கினேன். விடுமுறை முடிந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது, ஸ்ட்ராபெர்ரி ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து எடுத்ததில், ரப்பர் படுத்திருந்த இடம் மட்டும் ஸ்கேலில் உருகினாற்போலக் குழிந்து, மில்லிமீட்டர் கோடுகள் அழிந்திருந்தன. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. பெட்டி வெயிலில் கிடக்கவில்லை, அலமாரிக்குள்தான் இருந்தது.

ஸ்கேல் போனது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அதை உருக்கியது எது என்பதுதான் என் கேள்வி. இந்த மாதிரி ரப்பர்கள் பலவும் பி.வி.சி.யில் செய்யப்படுபவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக். அதை ரப்பர் போல வளைய வைக்க எண்ணெய் மாதிரியான மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இதற்கு அதிகம் பயன்பட்டவை தாலேட்டுகள், குறிப்பாக டி.இ.எச்.பி. மிருதுவான பி.வி.சி. பொருளின் எடையில் 30, 40 சதவீதம்கூட இதுவாக இருக்கலாம். இது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் இல்லாததால் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஸ்கேல் இருந்தால் அதற்குள் இறங்கி இளக்கிவிடும். குழந்தை வாயில் வைத்தால் எச்சிலில் இறங்கும்.

ஒட்டிக்கொண்டதை மட்டும் வைத்து உள்ளே இருப்பது தாலேட்தான் என்று நான் குற்றம் சாட்டவில்லை. வேறு மென்மையூட்டிகளும் இதைச் செய்யும். அதனால்தான் எது கலந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு எழுதிக் கேட்டேன். “எங்கள் தயாரிப்புகளில் ஈயம், காட்மியம் இல்லை, பி.பி.ஏ. இல்லை, கவலை வேண்டாம்” என்று பதில் வந்தது. கேட்டது ஒன்று, சொன்னது இன்னொன்று. பி.பி.ஏ. என்பது வேறொரு வேதிப்பொருள், பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். ஈயமும் காட்மியமும் வேறு சோதனை. தாலேட் என்ற சொல்லே உங்கள் பதிலில் இல்லை.

இது வீண் பயம் என்று நீங்கள் நினைக்கலாம். பி.வி.சி. பையில் வைத்த ரத்தத்துக்குள் தாலேட் இறங்குகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1970லேயே காட்டிவிட்டார்கள். 2000இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 289 பெரியவர்களின் சிறுநீரைச் சோதித்து, தாலேட் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் சிதைபொருள்கள் மக்களிடையே பரவலாக இருப்பதைச் சொன்னார்கள். கருவுற்ற எலிகளுக்கு டி.இ.எச்.பி. கொடுத்தால் ஆண் குட்டிகளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிறது, விரை விதைப்பைக்குள் இறங்காமல் நிற்கிறது, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி அமைகிறது. மனிதர்களில், அமெரிக்க ஆய்வாளர் ஷன்னா ஸ்வான் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் சில தாலேட் சிதைபொருள்கள் அதிகமாக இருந்தபோது, அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைந்திருந்தது. எலிகளிலும் இந்தத் தூரம் குறைவதைத்தான் ஆண் ஹார்மோன் குறைவுக்கு அடையாளமாகப் பார்க்கிறார்கள். தொடர்பு தெரிவதாலேயே காரணம் நிரூபணமாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விலங்கு ஆய்வும் மனித ஆய்வும் ஒரே பக்கம் கை காட்டும்போது, குழந்தைகளுக்குப் பொருள் செய்கிறவர் வாய்மூடி இருப்பது சரியில்லை.

உங்களுக்குச் சாதகமான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2007இல் பள்ளிப் பைகள், பென்சில் பவுச்சுகள், ரப்பர்களைச் சோதித்தபோது சில ரப்பர்களில் டி.இ.எச்.பி. கிடைத்தது. அதை மறுபரிசீலனை செய்த ஐரோப்பிய அறிவியல் குழு, பள்ளிப் பொருட்களால் மட்டும் குழந்தையின் உடலில் சேரும் அளவு பெரிதாக இருக்காது என்று 2008இல் கருத்துச் சொன்னது. சரி, ஆனால் குழந்தை ரப்பரை மட்டுமா தொடுகிறது? உணவிலும், வீட்டுத் தூசியிலும், வினைல் விரிப்பிலும் தாலேட் இருக்கிறது. உடலுக்குள் போனதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடும், ஆனால் மறுநாள் திரும்பவும் வந்து சேரும். ஒவ்வொரு தாலேட்டையும் தனித்தனியே எடைபோடாமல் எல்லாவற்றின் கூட்டு விளைவையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு அதே 2008இல் பரிந்துரைத்ததும் இதனால்தான். உங்கள் ரப்பரோ பழ வாசனையோடு, பழத்தின் உருவத்தில் வருகிறது. என் மகளின் ரப்பரில் இலைப் பக்கம் முழுக்கப் பல் தடம். வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் ரப்பர்களும் இப்படித்தான் இருக்கின்றன என்று அவள் ஆசிரியை சொன்னார். வாயில் வைக்கத் தூண்டுகிற மாதிரி ஒரு பொருளைச் செய்துவிட்டு, பிள்ளைகள் கடிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என நீங்கள் சொல்ல முடியாது.

சட்டத்துக்கு வருகிறேன். குழந்தைகள் வாயில் வைக்கும் மெல்லிய பி.வி.சி. பொம்மைகளில் ஆறு தாலேட்டுகளை ஐரோப்பா 1999 டிசம்பரில் தற்காலிகமாகத் தடுத்து, 2005இல் 0.1 சதவீதம் என்ற நிரந்தர வரம்பு வைத்தது. அமெரிக்காவில் 2008இல் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் பொம்மைகளுக்கான ஐ.எஸ். 9873 தரநிலையில் தாலேட்டுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது. அந்த ஆணைப்படி, 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கென்றே மட்டுமல்லாமல், அதற்கும் சேர்த்து வடிவமைக்கப்பட்ட பொருளும் பொம்மைதான். அதே பாக்கெட்டில் இருந்த, தோலையும் சதையையும் கழற்றி மாட்டுகிற தர்பூசணி ரப்பர் இதில் வருமா, வராதா? வராது என்பது உங்கள் நிலைப்பாடானால் எழுத்தில் சொல்லுங்கள். நான் வாங்கிய பாக்கெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, ஆனால் ‘நான்-டாக்ஸிக்’ என்று பெரிதாக இருக்கிறது.

ஆகவே எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பாக்கெட்டில் உள்ள பேட்ச் எண்ணுக்குரிய ரப்பரில் சேர்த்த மென்மையூட்டியின் பெயரையும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் தாலேட் சோதனை அறிக்கையின் நகலையும் அனுப்புங்கள். ‘நான்-டாக்ஸிக்’ என்று எந்தச் சோதனையை வைத்து அச்சிட்டீர்கள் என்றும் தெரிவியுங்கள். அறிக்கையே இல்லையென்றால், சோதனை முடியும்வரை இந்த ரகத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள். பி.வி.சி. இல்லாமல் ரப்பர் செய்ய முடியாது என்பதில்லை. இயற்கை ரப்பரிலும் செய்கிறார்கள், தாலேட் இல்லாத மென்மையூட்டிகளும் கிடைக்கின்றன.

உங்கள் கூப்பன், மாற்றுப் பாக்கெட் எதுவும் வேண்டாம். பொருளின் தரம், பாதுகாப்பு பற்றி அறிவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எனக்குத் தரும் உரிமை. 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், ஆதாரமற்ற விளம்பர வாசகம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திலும் புகார் பதிவு செய்வேன். ஒட்டிய ரப்பரையும் ஸ்கேலையும் சோதனைக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பாக்கெட்டின் இரு பக்கப் படங்கள், ஸ்கேலின் படம், உங்கள் முந்தைய பதிலின் நகல்