பட்டா புத்தகம் இருந்த சுவர்: எங்கள் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் தெருவில் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த 68 வயது அம்மையார் ஒருவரின் தாலிச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துச் சென்றனர். கழுத்தில் காயத்தோடு புகார் கொடுக்க வந்தவரிடம், "இருட்டில் நகையோடு ஏன் வெளியே வந்தீர்கள்? பாதுகாப்பை நீங்களும்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்று உங்கள் நிலையத்தில் கேட்டார்கள். அவருக்குத் துணையாக வந்தவன் நான். அவரால் அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

தாலி, கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வரக்கூடிய நகை அன்று. இப்போது அவர் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டி அணிந்திருக்கிறார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாக்கி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பறிகொடுத்தவர் எந்த நேரத்தில் எதை அணிந்திருந்தார் என்று அது கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குறைகளை நான் மறைக்கவில்லை. வெளியூர் போகும்போது நிலையத்தில் எழுதிக் கொடுக்காமல் போகிறோம். பூட்டிய வீட்டின் கேட்டில் மூன்று நாள் செய்தித்தாள் செருகிக் கிடக்கிறது. வாடகைக்கு வருபவரின் விவரத்தைத் தருவதற்குச் சோம்புகிறோம். இவற்றை நாங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் காவல்துறை கேட்டுக்கொண்டபடி, தெருவே பணம் போட்டு நான்கு கேமராக்கள் வைத்தோம். ஹெல்மெட் அணிந்த இருவர், எண் பலகை இல்லாத வண்டி, கீழே விழும் கோலப்பொடிக் கிண்ணம் எல்லாம் அவற்றில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. நடந்ததைக் காட்டத்தான் கேமராவால் முடிந்தது.

பிள்ளையார் கோயில் சுவரில் ஒரு தகரப் பெட்டி உண்டு. முன்பெல்லாம் அதிலிருந்த பட்டா புத்தகத்தில், அதாவது ரோந்து வந்ததைப் பதியும் ஏட்டில், கையெழுத்திட ரோந்துக் காவலர் சைக்கிளில் வருவார். வந்தவர் இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். யார் வீடு பூட்டியிருக்கிறது, எந்த வண்டி தெருவுக்குப் புதியது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் அவருக்குத் தெரியவரும். இன்று ரோந்து வாகனம் முதன்மைச் சாலையோடு திரும்பிவிடுகிறது. பந்தோபஸ்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக மிஞ்சும் ஆட்கள் குறைவு என்பதை அறிவேன். அந்தக் குறையை ஈடுகட்டும் பொறுப்பு கோலம் போடும் மூதாட்டியின் தலையில் விழுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இளைஞர்களே தடியோடு ரோந்து போகலாம் என்ற யோசனையும் தெருவில் எழுந்தது, நான் எதிர்த்தேன். 1993இல் இராமநாதபுரத்தில் நல்லெண்ணத்தோடு தொடங்கிய, காவல்துறைக்கு உதவும் தன்னார்வலர்களின் காவல் நண்பர்கள் அமைப்பையே, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த நிகழ்வுக்குப் பின் 2020இல் அரசு தடை செய்ய வேண்டியிருந்தது. சீருடையும் பதில் சொல்லும் கடமையும் இல்லாதவர் கையில் தடியைக் கொடுத்தால், முதல் அடி விழுவது வழிதவறி வந்த ஏதாவதொரு கூலித் தொழிலாளியின் மீதாகத்தான் இருக்கும்.

ஆகவே, காலை 4.30 முதல் 6.30 வரை ஒரு காவலர் எங்கள் தெருக்களில் நடந்து வரும்படி ஆணையிட வேண்டுகிறேன். பூட்டிய வீடுகளின் பட்டியலை வாரந்தோறும் நாங்களே நிலையத்தில் சேர்ப்போம். தகரப் பெட்டியின் வளைந்த மூடியை நிமிர்த்தி, உள்ளே புதிய நோட்டு ஒன்றை வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் எல்லைக்குட்பட்ட தெருவாசி ஒருவன்