காற்றைக் கேட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் நெதர்லாந்தின் ஸான்ஸ ஸ்கான்ஸ் காற்றாலைக் கிராமம் பற்றிய கட்டுரை வந்திருக்கிறது. படங்கள் அருமை. ஆனால், ‘ஆண்டு முழுவதும் எந்த நாளில் போனாலும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்’ என்று அதில் ஒரு வரி. ஸான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தக் கிராமத்துக்கு நேர் எதிரே ஸான்டைக்கில் குடியிருப்பவள் நான். அந்த வரி என் மனத்தைப் புண்படுத்திவிட்டது.

நம் ஊர்க் கோயில்களைப் பற்றி எழுதும்போது நடை திறப்பது எப்போது, உச்சிக்காலம் முடிந்து சாத்துவது எப்போது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துப் போடுகிறீர்கள். அந்த அக்கறை காற்றாலைக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

காற்றாலை காற்றை நம்பி இருப்பது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. காற்று விழுந்துவிட்டால் இறக்கை அசையாது. இடி மின்னலோடு புயல் வந்தால் ஆலைக்காரர் இறக்கையை நிறுத்திக் கட்டிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் நல்ல காற்று அடிக்கிற நாளில் மரச்சட்டங்களில் ஏறிப் பாய்த்துணியை விரித்துக் கட்டுவார். பின்பக்கம் இருக்கும் விசைச் சக்கரத்தை மிதித்து மிதித்து, ஆலையின் தலையையே காற்று வரும் திசைக்குத் திருப்புவார். இதைப் பார்க்கத்தான் ஆட்கள் கடல் தாண்டி வருகிறார்கள். வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தையும் திசையையும் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? தென்மேற்குக் காற்றென்றால் இறக்கைகள் ஆற்றைப் பார்த்து நிற்கும். எங்கள் கரையிலிருந்தே முகம் தெரியும். கிழக்குக் காற்றென்றால் முதுகுதான் தெரியும்.

வெளிச்சமும் அப்படியே. ஆலைகள் வரிசையாக நிற்பது கிழக்குக் கரையில். காலையில் சூரியன் அவற்றின் பின்னாலிருந்து எழுவதால், எங்கள் பக்கமிருந்து எடுக்கும் படத்தில் கறுப்பு உருவங்கள்தான் விழும். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் அவற்றின் மேல் படும்போது வாருங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். பஸ்களெல்லாம் போன பிறகு அந்தப் பொன் வெயிலில் ஆற்றங்கரையில் நடப்பதற்கு ஈடே இல்லை. ஆனால் ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரம் உதவாது. நாலைந்து மணிக்கெல்லாம் உள்ளே விடுவது நின்றுவிடும். குளிர்காலத்தில் எல்லா ஆலைகளும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். எந்த நாளில் போனாலும் என்று எழுதியவர் டிசம்பரில் வந்து பார்த்தாரா?

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் எண்ணெய்ச் செக்கு நடத்தியவர். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழில் வந்த இதேபோன்ற கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு வந்தார். துலிப் மலர்களுக்காக உலகமே வந்து குவிகிற ஏப்ரல் மாதம். அதுவும் கூட்டம் நெரிகிற நடுப்பகல். மரக்காலணி செய்து காட்டும் கொட்டகையிலும் பாலாடைக்கட்டிக் கடையிலும் குழுவை நிறுத்திவைத்தே நேரத்தைக் கரைத்துவிட்டார்கள். எண்ணெய் ஆலைக்குள் அவரை நான்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே இரண்டு பெரிய கல் சக்கரங்கள் நெட்டுக்குத்தாக நின்று உருண்டு ஆளிவிதையை நசுக்கிக்கொண்டிருந்தன. நசுங்கிய மாவை அடுப்பில் சூடாக்கி, கம்பளிப் பைகளில் நிரப்பி, மரப்பெட்டிக்குள் ஆப்புகளோடு செருகுவார்கள். மேலிருந்து உத்தரக்கட்டை விழுந்து ஆப்பை இறக்க இறக்க எண்ணெய் வடியும். பெரியப்பா சிறிது மாவை விரலிடையில் தேய்த்து முகர்ந்தார். ‘எவ்வளவு சூடு வரைக்கும் போகலாம்னு கேளும்மா’ என்றார். நான் கேட்டு ஆலைக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, பஸ் கிளம்புகிறது என்று போன் வந்துவிட்டது. பெரியப்பா கதவருகே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இன்று அவரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. ஒரு மணி நேரம் போதும் என்று எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட ஒரு மனிதரையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அந்தப் பழைய கட்டுரை, பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இந்தக் கிராமம் அப்படியே நிற்பதாகச் சொன்னது. அது உண்மையல்ல என்று அப்போதே எழுதினேன். யாப் ஸ்கிப்பர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1961 முதல் 1974 வரை சுற்றுவட்டாரத்து மர வீடுகளையும் ஆலைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். ஒருகாலத்தில் சுமார் 600 காற்றாலைகள் மரம் அறுத்தும், எண்ணெய் பிழிந்தும், வண்ணம் அரைத்தும் வாழவைத்த வட்டாரம் இது. மிச்சமிருந்தவை அழிந்துபோகாமல் காப்பாற்றிய உழைப்பு அது. ‘இளம் செம்மறி’ என்ற பெயருள்ள மரம் அறுக்கும் ஆலை 1942-ல் இடிக்கப்பட்டு, 2007-ல் மீண்டும் எழுந்து இன்றும் மரம் அறுக்கிறது. இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். ‘கட்டுரை அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் அச்சிட்டீர்கள்.

இந்த ஊருக்குள் நுழைய வெளியாட்களிடம் 17.50 யூரோ வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி 2025-ல் வந்தபோது, பணம் பிடுங்கும் வேலை என்ற தொனியில் ஒரு துணுக்கு வெளியிட்டீர்கள். 2024-ல் மட்டும் சுமார் 26 லட்சம் பேர் வந்துபோன இடம். அங்கே ஏறத்தாழ நூறு பேர் குடியிருக்கிறார்கள் என்பதை அந்தத் துணுக்கு சொல்லவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எட்டிப் பார்ப்பவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. வேதனையாக இருக்கிறது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், அன்றே மதியத்துக்கு மேல் கின்டர்டைக்குக்கும் போய்விடலாம் என்றிருக்கிறது. அது ராட்டர்டாம் பக்கம் இருக்கும் வேறு ஊர். பள்ளநிலத்தின் தண்ணீரை இறைத்து வெளியேற்றக் கட்டிய 19 காற்றாலைகளுக்காக யுனெஸ்கோ 1997-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இடம். அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டாமா?

காற்றில்லாத நாளில் வருகிறவர்களுக்கும் பார்க்க விஷயம் உண்டு. நிற்கிற இறக்கையும் பேசும். மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் நிறுத்தப்பட்டிருந்தால் ஆலைக்காரர் வீட்டில் மகிழ்ச்சி. உச்சியைக் கடந்து நின்றால் துக்கம். 2014 ஜூலையில் நெதர்லாந்துக்காரர்கள் பலர் பயணம் செய்த மலேசிய விமானம் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது இந்த நாடெங்கும் ஆலைகள் துக்கம் காட்டி நின்றன. ஆலைக்காரரின் கைத்தொழிலையே யுனெஸ்கோ 2017-ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இதையெல்லாம் எழுத இடமில்லாத பக்கத்தில் பாலாடைக்கட்டிக்கு மட்டும் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒரு சிறிய பெட்டிச் செய்திதான். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து பாலம் வழியாகக் கால் மணி நேர நடை. பத்து மணிக்குச் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே வந்து ஊரைச் சுற்றிவிட்டு, ஆலைகள் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போகலாம். குறைந்தது அரை நாள் ஒதுக்க வேண்டும். எந்த ஆலை எந்த நாளில் திறந்திருக்கும் என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் எங்கே ஆலை அருகே நீலக் கொடி பறந்தாலும், உள்ளே வரலாம் என்று அர்த்தம். மே மாதம் இரண்டாவது வார இறுதியில் தேசியக் காற்றாலை நாளுக்காக நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான ஆலைகள் திறந்திருக்கும். தேதியை மாற்ற முடிந்தவர்கள் அதற்கு வரலாம்.

வசந்த காலப் பயணத்துக்கு இப்போதே டிக்கெட் போடுகிற வாசகர்கள் இருப்பார்கள். ஆகவே அடுத்த இதழிலேயே இது வந்தால் நல்லது. கடிதத்தைச் சுருக்குவதானால், படங்கள் அருமை என்ற வரியை எடுத்துவிட்டு, இந்த நேர விவரங்களை மட்டுமாவது தயவுசெய்து அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸான்டைக், நெதர்லாந்து