அந்த 80 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ‘உங்கள் ஐக்யூ என்ன?’ என்று 10 கேள்விகள் போட்டிருந்தீர்கள். 9 சரியென்றால் 130, 6 என்றால் 95, 4 என்றால் 80 என்று கீழே ஒரு கட்டம். என் தங்கையின் பேத்திக்கு எட்டு வயது. அவளுக்கு 4 தான் சரியாக வந்தது. சாயங்காலம் பார்த்தால், நோட்டு அட்டையில் தன் பெயருக்குப் பக்கத்தில் 80 என்று எழுதி வைத்திருக்கிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்துவதுதான் 27 வருஷம் என் வேலை. அதனால் அந்தக் கட்டத்தில் நான் முதலில் தேடியது வயதை. காணோம். எட்டு வயதுக்கும் நாற்பது வயதுக்கும் ஒரே கணக்கு! ஐக்யூ என்றால் நுண்ணறிவு ஈவு; இந்த ஈவு என்ற யோசனையே வயதிலிருந்து வந்ததுதான். 1912இல் ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை, அதாவது எந்த வயதுக்கான கேள்விகளுக்கு விடை சொல்ல முடிகிறதோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். அதை 100ஆல் பெருக்கும் வழக்கம் பின்னால் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையின் கணக்கைப் போட்டால் 125. பெரியவர்களிடம் இது குழம்பிவிடும். நாற்பது வயதுக்காரருக்கு ‘மன வயது ஐம்பது’ என்றால் என்ன அர்த்தம்? அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வகுத்தலை விட்டுவிட்டு, ஒருவரை அவருடைய வயதுக்காரர்களோடு மட்டும் ஒப்பிட்டார். சராசரி 100, மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் 85க்கும் 115க்கும் நடுவில். இன்றும் அதே முறைதான். அப்போதும் நாங்கள் ஒற்றை எண்ணை எழுதித் தருவதில்லை. 97 வந்தால் பக்கத்திலேயே 92 முதல் 102 வரை என்று ஒரு வரம்பும் போடுவோம். காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஏழாம் கேள்வி: கத்தி, கத்தரிக்கோல், ஊசி, பென்சில் – இவற்றில் சேராதது எது? விடைப்பட்டியலில் பென்சில். இவள் கத்தரிக்கோல் என்றாளாம். ஏன் என்று கேட்டேன். “அதுக்கு மட்டும்தானே பாட்டி ரெண்டு கால்” என்றாள். எதிரே உட்கார்ந்து சோதிப்பவர் இதையும் குறித்துக்கொள்வார். அச்சடித்த கட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

ஒரு பையனைச் சொல்ல வேண்டும். நான் எண்களைச் சொல்வேன், அவன் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து எண் வரை பிசகாமல் சொன்னவன், திடீரென்று மூன்று எண்ணிலேயே தடுமாறினான். இரண்டு மூன்று முறை ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது: நான் குனிந்து எழுதிக்கொண்டே சொன்ன போதெல்லாம் தவறு. அவன் என் வாயைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். காது மருத்துவரிடம் அனுப்பினோம், செவித்திறன் குறைவு. அன்று நான் எடுத்த மதிப்பெண்ணைக் குப்பையில் போட்டேன், ஆனால் சோதனை வீணில்லை. பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே 1905இல் தியோடர் சீமோனுடன் சேர்ந்து 30 பணிகள் கொண்ட முதல் அளவுகோலைச் செய்ததும் இதற்காகத்தான். வகுப்பில் தனி உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்க. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வதில் ஆரம்பிக்கும் அது. புத்தி மாறவே மாறாத ஒரு அளவு என்று சொன்னவர்களைப் பினே கடுமையாகவே எதிர்த்தார்.

சரி, அதே பக்கத்தின் கனவுப் பட்டியலுக்கு வருகிறேன். பல் விழுந்தால் இன்னது, பறந்தால் இன்னது என்று அட்டவணை. மேலே, கனவுகளுக்கு விளக்கம் தேடிய மருத்துவர் ஃப்ராய்டின் படம். பாவம் மனிதர்! சில குறியீடுகள் பலருக்கும் பொது என்று அவரும் சொன்னதுண்டு. ஆனால் அகராதி பார்ப்பதுபோல் கனவுக்குப் பொருள் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. கண்டவரின் மனத்தில் அதையொட்டி என்னென்ன வருகிறது என்று கேட்பதுதான் அவர் வழி.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒரு கனவு வருகிறது. எதிரே பிள்ளை காத்திருக்கிறது, சோதனைக்கான சிவப்பு வெள்ளைக் கட்டைகள் மேஜையில், ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. ஃப்ராய்டாக இருந்தால், ஸ்டாப்வாட்ச் என்றதும் என்ன தோன்றுகிறது என்று ஆரம்பித்து, அடியில் ஒரு ஆசையைத் தேடியிருப்பார். 1977இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் சொன்னது வேறு: விழிகள் வேகமாக அசையும் தூக்கத்தில் மூளைத்தண்டு தன்போக்கில் தூண்டல்களை அனுப்புகிறது, மேல்மூளை கையில் கிடைத்த நினைவுகளை வைத்து அதைக் கதையாக்கப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து எண்ணிப் பார்த்த உளவியலாளர் கால்வின் ஹால் வழியில் போனால், பகலில் எதைப் பற்றிக் கவலைப்பட்டேனோ அதுவே இரவிலும். எனக்கு இதுதான் பொருந்துகிறது, நேரம் தவறுவதென்றால் எனக்கு அவ்வளவு பயம். இன்னும் முடிவாகாத விவாதம் இது. உங்கள் அட்டவணையில் ஸ்டாப்வாட்சே இல்லை என்பது வேறு விஷயம்.

புதிர்களைத் தாராளமாகப் போடுங்கள், அவளுக்கு அவை பிடித்திருக்கின்றன. எண் கட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த 10 கேள்விகள் நுண்ணறிவுச் சோதனை அல்ல என்று வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு வரி போட முடியுமா? வெட்டி அவள் நோட்டு அட்டையில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி உளவியலாளர் ஒருவர்