சைதாப்பேட்டை அக்காவுக்கு நன்றி

2015 டிசம்பர். அடையாறு கரை மீறி சைதாப்பேட்டைக்குள் புகுந்த மறுநாளிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரண வேலை பார்த்தோம். பதினைந்து பேர்; ஒருங்கிணைப்பாளர் நான். அதாவது, கத்துவது என் வேலை.

மூன்றாம் நாள் சாம்பார் சாதப் பொட்டலங்கள் மலைபோல் மிஞ்சின. இன்னும் எந்தத் தெருவுக்கு அனுப்பலாம் என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் சேற்றை வாரிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா, நீங்கள் நிமிர்ந்து சொன்னீர்கள்: "தம்பி, சோறு நாலு பக்கத்துலருந்தும் வருது. மாத்துத்துணி இல்ல, பாய் இல்ல, பொம்பளைங்களுக்கு நாப்கின் இல்ல. யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எங்கள் குழுவிலேயே இரண்டு பெண்கள் முதல் நாளே இதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் என் காதில் விழவில்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சரி என்று அன்றே பாதி அடுப்பை அணைத்தோம். அப்புறம் தினமும் இருட்டுவதற்குள் எல்லோரும் தரையில் உட்காருவோம். முதலில் நீங்கள் பேசுவீர்கள், கடைசியில்தான் நான். எந்தச் சந்தில் தண்ணீர் வடியவில்லை, எந்தப் பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு கேட்டும், உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். நன்றி, அக்கா.