சென்சார் வேற, காப்பிரைட் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல திருட்டு விசிடி காலத்துலேருந்து இன்னைக்கு வரைக்கும் வந்த சட்டங்கள பத்தின கட்டுரை படிச்சேன். தியேட்டர்ல செல்போன்ல படம் பிடிச்சா 3 மாசத்துலேருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 3 லட்சத்துல ஆரம்பிச்சு தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும் அபராதம்னு எழுதியிருந்தீங்க, சரிதான், 2023ல ஒளிப்பதிவுச் சட்டத்துல வந்த திருத்தம் அது, திருடுறவனுக்கு அது வேணும். ஆனா கடைசியில இனிமே விமர்சனத்துல கூட ஒரு கிளிப் போட முடியாதுன்னு முடிச்சிட்டீங்களே, அது தப்புங்க.

1957 காப்பிரைட் சட்டத்தோட 52வது பிரிவுல இருக்கிற விலக்குகள் இதுக்கும் பொருந்தும்னு அந்தத் திருத்தத்துலயே போட்டிருக்கு. விமர்சனம், நடப்புச் செய்தி, ஆராய்ச்சி, சொந்த உபயோகம், இதுக்கெல்லாம் நியாயமான அளவுல எடுத்துக்கலாம், வகுப்புல பாடம் நடத்துறதுக்கும் தனியா இடம் இருக்கு. 10 செகண்ட் வரைக்கும் ஓகே, 30 செகண்ட் வரைக்கும் ஓகேன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, சட்டத்துல செகண்ட் கணக்கே கிடையாது. எதுக்கு எடுத்தாங்க, எவ்வளவு எடுத்தாங்க, படத்தோட வியாபாரத்த அது கெடுக்குதான்னுதான் கோர்ட் பாக்கும்.

நான் ஒரு காலேஜ்ல ஃபிலிம் கிளப் பாத்துக்கிறேன். எடிட்டிங் பத்தி வீடியோ பண்ண ஒரு பொண்ணு, கேஸ் வந்துடும்னு பயந்து எல்லா ஷாட்டையும் தூக்கிட்டு வெறும் கருப்பு ஸ்கிரீன் மேல பேசி வச்சிருந்தா, கட் எங்க விழுதுன்னு காட்டாம எடிட்டிங்க எப்படிங்க புரிய வைக்கிறது? உங்க கட்டுரை மாதிரி எழுதினா அந்தப் பயம் இன்னும் கூடத்தான் செய்யும்.

இன்னொன்னு, கதைத் திருட்டு புகார் வந்தா சென்சார் போர்டே படத்த நிறுத்தலாம்ங்கிற மாதிரியும் எழுதியிருக்கீங்க. போர்டு எதப் பாத்து சர்டிபிகேட்ட மறுக்கலாம்னு ஒளிப்பதிவுச் சட்டத்தோட 5பி பிரிவுல இருக்கு. நாட்டோட பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஆபாசம், அவதூறு, கோர்ட் அவமதிப்பு இந்த மாதிரி. காப்பிரைட் அதுல இல்ல, கதை யாருதுன்னு முடிவு பண்ண வேண்டியது கோர்ட்டு. போர்டு முடிவு பிடிக்கலேன்னா அப்பீல் பண்ண முன்னாடி ஒரு தீர்ப்பாயம் இருந்துச்சு, 2021ல அதையும் எடுத்துட்டாங்க, இப்போ நேரா ஹைகோர்ட்தான், சின்ன புரொட்யூசருக்கு அந்தச் செலவு எவ்வளவு பெரிய பாரம்னு நீங்க எழுதியிருந்தா ரொம்ப உபயோகமா இருந்திருக்கும்.

அடுத்த இதழ்ல தயவுசெஞ்சு திருத்தம் போடுங்க, கூடவே 52வது பிரிவுல சினிமாவுக்குப் பொருந்துற பகுதிய எளிய தமிழ்ல ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க, எங்க கிளப் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை